ஆலை இடம்பெயரும்போது அறிவு எங்கே போகிறது?

ஒரு தொழிற்சாலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயரும்போது முதலில் உருவாவது ஒரு பட்டியல். லேத்துகள் எத்தனை, பிரஸ்கள் எத்தனை, டைகள் எத்தனை, கேஜ்கள் எத்தனை என்று வரிசை எண் இட்டு எழுதப்படுகிறது. எந்திரங்கள் கழற்றப்படும் முன் புகைப்படம் எடுக்கப்படுகிறது. கம்பிகளில் அடையாளச் சீட்டுகள் கட்டப்படுகின்றன. வரைபடங்களும் செயல்முறைக் கையேடுகளும் பெட்டிகளில் அடுக்கப்படுகின்றன. எல்லாம் லாரி ஏறி, சேர வேண்டிய இடம் சேர்ந்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் ஆகிவிடுகிறது. அதன் பிறகும் பல மாதங்களுக்குப் புதிய ஆலையிலிருந்து பழைய ஆலையின் சரக்கு வெளிவருவதில்லை. எந்திரம் அதே எந்திரம், மூலப்பொருள் அதே மூலப்பொருள். ஆனால் வார்ப்பில் துளை விழுகிறது, பற்சக்கரம் இரைகிறது, வண்ணப்பூச்சு உரிகிறது. பட்டியலில் இடம்பெறாத ஏதோ ஒன்று வழியில் எங்கேயும் தொலையவில்லை. அது லாரியில் ஏறவே இல்லை.

அந்த ஏதோ ஒன்றைப் பற்றிய அறிவுலக விவாதத்தில் ஒரு மின்விளக்குக் குமிழுக்கு முக்கிய இடமுண்டு. வேதியியலராகத் தொடங்கி மெய்யியலுக்கு வந்த மைக்கேல் பொலானி, 1958இல் வெளியான 'பெர்சனல் நாலெட்ஜ்' என்னும் நூலில், தம் தாய்நாடான ஹங்கேரியில் நேரில் கண்ட ஒன்றைப் பதிவு செய்கிறார். கண்ணாடிக் குமிழ்களை ஊதித் தரும் புதிய எந்திரம் ஒன்று அங்கே இறக்குமதி செய்யப்பட்டது. அதே வகை எந்திரம் ஜெர்மனியில் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஹங்கேரியிலோ ஓராண்டு முழுவதும் பழுதற்ற ஒரு குமிழைக்கூட அது தரவில்லை. இரண்டு எந்திரங்களுக்கும் இடையே அளவில், உலோகத்தில், அமைப்பில் வேறுபாடு இல்லை. வேறுபாடு எந்திரத்தின் அருகே நின்றவர்களிடம் இருந்தது.

பொலானி பின்னர் 1966இல் எழுதிய சிறு நூலின் வழியாக இவ்வகை அறிவுக்கு நிலைத்த பெயர் ஒன்று கிடைத்தது. தமிழில் அதனை 'உள்ளுறை அறிவு' எனலாம். சங்க அகப்பாடல்களைப் படித்தோருக்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். உள்ளுறையில் சொல்லப்படுவது ஒரு காட்சி. உணர வேண்டிய பொருள் அதன் அடியில் இருக்கிறது. அதைக் கேட்பவர் தம் பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறார். தொழிற்சாலைக் கையேடும் அத்தகையதே. 'தேவையான அளவு இறுக்கவும்' என்று கையேடு எழுதும். தேவையான அளவு எது என்பதை இருபது ஆண்டுகள் அந்த நட்டை இறுக்கிய மணிக்கட்டு அறியும்.

உணர்ச்சிவயப்பட்ட கூற்றாக நின்றிருக்கக்கூடிய இந்தக் கருத்தை ஆய்வுக்குரிய பொருளாக மாற்றியவர் பிரிட்டிஷ் சமூகவியலர் ஹாரி காலின்ஸ். 1970ஆம் ஆண்டு கனடாவின் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று 'டீஇஏ' என்னும் புதுவகை லேசரை அறிவித்தது. பிரிட்டனின் பல ஆய்வகங்கள் அதை மீண்டும் கட்டிப் பார்க்க முயன்றன. காலின்ஸ் அந்த ஆய்வகங்கள்தோறும் சென்று, யார் யாரிடமிருந்து என்ன கற்றார் என்று விசாரித்தார். 1974இல் வெளியான அவருடைய முடிவு எளிமையானது. ஆனால் கல்வியுலகத்துக்குக் கசப்பானது. அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் படித்து லேசரை இயங்கச் செய்தவர் எவருமில்லை. வெற்றி கண்ட ஒவ்வோர் ஆய்வகத்துக்கும், ஏற்கெனவே வெற்றி கண்ட இன்னோர் ஆய்வகத்தோடு ஆள்வழித் தொடர்பு இருந்தது. தாமே கட்டாமல், கட்டியவரிடம் கேட்டுச் சொன்ன இடைத்தரகர்களாலும் பயன் விளையவில்லை. மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குச் செல்லும் கம்பி குறுகியதாக இருக்க வேண்டும் என்பது போன்ற சிறு செய்திகள் கட்டுரைகளில் இடம்பெறவில்லை. எழுதியவர் மறைக்கவில்லை, அது எழுதத்தக்க செய்தி என்று அவருக்குத் தோன்றவில்லை.

காலின்ஸ் மீண்டும் 2001இல் இதே கேள்விக்குத் திரும்பினார். நீலமணிப் படிகத்தின் அதிர்வு எவ்வளவு நேரம் அடங்காமல் நீடிக்கிறது என்பதை மாஸ்கோ ஆய்வாளர்கள் மிக உயர்ந்த அளவில் அளந்து அறிவித்திருந்தனர். மேலைநாட்டு ஆய்வகங்களால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த அளவை எட்ட முடியவில்லை. மாஸ்கோ ஆய்வாளரும் கிளாஸ்கோ ஆய்வாளரும் ஒருவர் ஆய்வகத்தில் மற்றவர் தங்கி வேலை செய்த பிறகே அது கைகூடியது. படிகத்தைத் தொங்கவிடும் நூலுக்கு மிக மெல்லிய நெய்ப்பூச்சு தேவைப்பட்டது. மாஸ்கோவில் கையாண்ட ஒரு முறை, நூலை மூக்குத்தண்டின் மீதோ காதுக்குப் பின்னாலோ ஒருமுறை இழுத்துக்கொள்வது. நுண்ணிய இயற்பியல் அளவீடு ஒன்று மனிதத் தோலின் எண்ணெய்ப் பசையை நம்பி நின்றது. எந்த ஆய்விதழின் 'செய்முறை' பகுதியில் இது இடம்பெறும்?

இந்த அனுபவத்திலிருந்து காலின்ஸ், கைமாறத் தவறும் அறிவை ஐந்து வகையாகப் பிரித்தார். ஆய்வகத்துக்காகச் செய்யப்பட்ட அந்தப் பகுப்பு ஆலைப் பெயர்ச்சிக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலாவது, மறைக்கப்படும் அறிவு. தெரிந்தவர் தெரிந்தே சொல்லாமல் விடுவது. இரண்டாவது, முக்கியத்துவம் பொருந்தாத அறிவு. கேட்பவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. சொல்பவருக்கு அவர் எதை அறியாமல் இருக்கிறார் என்று தெரியாது. பழைய ஆலையில் எல்லோரும் காலையில் எந்திரத்தை அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றியிருப்பார்கள். அது வேலையின் பகுதி என்றே யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மூன்றாவது, காட்டி மட்டுமே கற்பிக்கக்கூடிய அறிவு. 'இந்த நிறம்', 'இந்த ஓசை', 'இந்த வழவழப்பு' என்று சுட்டிக் காட்டலாம். சொல்லால் எழுதினால் பொருள் இராது. நான்காவது, உணரப்படாத அறிவு. ஒரு செயலைச் சரியாகச் செய்துகொண்டே இருப்பார்கள். விளைவு அதைச் சார்ந்தே இருக்கிறது என்பது செய்பவருக்கே தெரியாது. ஐந்தாவது, உணரவே இயலாத அறிவு. தாய்மொழியில் வாக்கியத்தை எப்படி அமைக்கிறோம் என்று பேசுபவர் விளக்க முடியாதது போன்ற, உடலிலும் பழக்கத்திலும் கரைந்துபோன திறன்.

இவற்றுள் நான்காவது வகையே நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு வைப்பது. அமெரிக்காவின் ஃபாக்பேங்க் விவகாரம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அணு ஆயுதங்களில் பயன்படும் இரகசியப் பொருளொன்றின் குறிப்பெயர் அது. ஓக் ரிட்ஜ் நகரிலுள்ள ஒய்-12 ஆலையில் 1989 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பின்னர் அந்தப் பிரிவு மூடப்பட்டது. வேலை அறிந்தவர்கள் ஓய்வு பெற்றனர் அல்லது வேறிடம் சென்றனர். 2000ஆம் ஆண்டளவில் பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அப்பொருள் மீண்டும் தேவைப்பட்டது. ஆவணங்களைத் திரட்டிப் புதிய உற்பத்திக்கூடம் கட்டினர். ஆனால் வெளிவந்த பொருள் சரியாக அமையவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு காரணம் தெரிந்தது. பழைய காலத்து மூலப்பொருளில் ஒரு மாசு இருந்தது. அந்த மாசுதான் இறுதிப் பொருளுக்கு வேண்டிய தன்மையைத் தந்திருந்தது. புதிய முறையில் மூலப்பொருளை நன்கு தூய்மைப்படுத்திவிட்டார்கள். பழைய தொழிலாளர்களைக் கேட்டிருந்தாலும் அவர்களால் சொல்லியிருக்க முடியாது. மாசின் பங்கு அவர்களுக்கும் தெரியாது. முன்னேற்றம் என்று கருதிச் செய்ததே தடையாக நின்றது. ஓர் ஆலையை மூடிவிட்டு வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று நம்பும் நிர்வாகிகள் படிக்க வேண்டிய பாடம் இது.

இதே அச்சத்துக்கு இன்டெல் நிறுவனம் கண்ட விடை 'அப்படியே நகலெடு' என்னும் கொள்கை. ஒரு சிப் ஆலையில் வெற்றி பெற்ற செயல்முறையை இன்னோர் ஆலைக்குக் கொண்டு செல்லும்போது, விளைவைப் பாதிக்கக்கூடிய எதையும் மாற்றாமல் நகலெடுக்க வேண்டும். மாற்ற விரும்புபவரே அதற்கான காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். எது முக்கியம் என்று நமக்குத் தெரியாது என்ற அடக்கத்தின் மீது எழுந்த கொள்கை இது. ஆயினும் இன்டெல்லும் காகிதத்தை மட்டும் நம்பவில்லை. புதிய ஆலைக்குரிய பொறியாளர்களை மூல ஆலைக்கு அனுப்பி நீண்ட காலம் அங்கே வேலை செய்யவைத்தது. அவர்களை 'விதைகள்' என்றே அழைத்தனர். கொண்டுசென்று ஊன்றினால் முளைப்பது மனிதர்தாம் என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது.

இந்தியத் தொழில் வரலாற்றில் இதற்கு இரு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. இரண்டும் இருசக்கர வாகனங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து பெயர்ந்தவை. இரண்டிலும் மூல ஊரில் உற்பத்தி நின்றது. ஆனால் பெயர்ந்த முறை வேறு.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கியது. இராணுவத்துக்கான புல்லட் வண்டிகளின் தேவையே தொடக்கம். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும் திருவொற்றியூரில் நடந்தது. 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் வந்தன. 1962 அளவில் வண்டி முழுவதும் இங்கேயே உருவாயிற்று. ரெடிச் ஆலை 1960களின் பிற்பகுதி வரை மூடப்படவில்லை. ஆக, பூட்டக் கற்று, பிறகு பாகம் செய்யக் கற்று, பிறகு முழுவதும் செய்யக் கற்ற அந்த ஆண்டுகள் முழுவதும் ஐயம் கேட்பதற்கு ஓர் ஆலை உயிருடன் இருந்தது. தாய் ஆலை மறைந்த பிறகும் வண்டி பிழைத்தது. 1977இல் சென்னையில் செய்யப்பட்ட புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. எரிபொருள் கலத்தின் மீது கையால் இழுக்கப்படும் பொன்னிறக் கோடு அந்த வண்டியின் அடையாளமாயிற்று. கோட்டின் வடிவம் ரெடிச்சிலிருந்து வந்தது. அதை அளவுகோல் இன்றி ஒரே மூச்சில் இழுக்கும் கை இந்த ஊரில் விளைந்தது.

லாம்பிரெட்டாவின் கதை வேறு. மிலான் நகரின் லாம்பிரேட் பகுதியில் இன்னொசென்டி நிறுவனம் 1947 முதல் செய்துவந்த ஸ்கூட்டர் அது. 1970களின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தி நின்றது. இந்திய அரசு 1972இல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை லக்னோவில் நிறுவி, மிலானின் எந்திரங்கள், வரைபடங்கள், வணிகப்பெயர் உரிமை அனைத்தையும் விலைக்கு வாங்கியது. உற்பத்தி 1975இல் தொடங்கியது. பட்டியலின்படி பார்த்தால் இதைவிட முழுமையான பெயர்ச்சி இருக்க முடியாது. என்ஃபீல்டுக்கு மெல்ல மெல்ல வந்தவை இங்கே ஒருசேர வந்தன. ஆனால் எந்திரங்கள் வந்தபோது அவற்றின் தாய் ஆலை ஓய்ந்துவிட்டிருந்தது. பம்பாயில் ஏபிஐ நிறுவனம் 1950களிலிருந்தே உரிமம் பெற்று லாம்பிரெட்டா செய்துவந்தது. அங்கே நாட்டுக்குள்ளேயே அனுபவம் திரண்டிருந்தது. புதிய ஆலை அமைந்ததோ லக்னோவில். ஸ்கூட்டர்ஸ் இந்தியா 1997இல் இருசக்கர வாகனங்களைக் கைவிட்டது. விக்ரம் என்னும் மூன்று சக்கர வண்டியே அதைத் தாங்கியது. 2021இல் நிறுவனத்தை மூட நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

இந்த வேறுபாட்டுக்கு அறிவுக் கைமாற்றம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பிழையான வரலாறாகும். அரசு நிறுவனத்தின் நிர்வாகம், உரிம முறை, சந்தைப் போட்டி எல்லாம் அதில் உண்டு. எனினும் அதே காலத்தில் பஜாஜ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை அருகில் வைத்துப் பார்க்கலாம். பியாஜியோவுடன் 1960 முதல் செய்துகொண்டிருந்த வெஸ்பா ஒப்பந்தம் 1971இல் முடிவுற்றது. மறு ஆண்டே பஜாஜ் தன் சொந்தப் பெயரில் சேத்தக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுகள் அருகிருந்து செய்து பழகிய கைகள் ஒப்பந்தம் முடிந்தபோதும் ஆலைக்குள்ளேயே இருந்தன. வாங்கிய அறிவுக்கும் பழகிய அறிவுக்கும் உள்ள இடைவெளியை இம்மூன்று கதைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

விண்வெளித் துறையில் இந்தியா செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று இதைவிடத் தெளிவானது. 1974இல் பிரான்சின் எஸ்இபி நிறுவனத்துடன் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்தது. வைக்கிங் ராக்கெட் எஞ்சினின் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கு இந்தியா பணமாக எதையும் தரவில்லை. மாறாக, தன் பொறியாளர்களின் நூறு ஆள்-ஆண்டு உழைப்பைத் தந்தது. அழுத்த உணரிகளையும் செய்து கொடுத்தது. நம்பி நாராயணன் தலைமையில் பொறியாளர்கள் பிரான்சுக்குச் சென்று அங்கே நடந்துகொண்டிருந்த வேலையில் பங்கேற்றனர். மேலோட்டமாகப் பார்த்தால் அது விலை. உற்றுப் பார்த்தால் அதுவே சரக்கு. தொழில்நுட்பத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட உழைப்பின் வழியாகத்தான் தொழில்நுட்பமே வந்து சேர்ந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட விகாஸ் எஞ்சின் 1985இல் பிரான்சிலேயே சோதிக்கப்பட்டு வெற்றி பெற்றது. வறுமையால் நேர்ந்த ஏற்பாடு என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். பணம் இருந்து வரைபடங்களை மட்டும் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஹங்கேரியின் கண்ணாடிக் குமிழ் விடை சொல்கிறது.

இதுவரை சொன்னவை நிறுவனங்களின், நாடுகளின் கதைகள். ஆலைப் பெயர்ச்சியில் இன்னொரு தரப்பும் உண்டு. யாரிடமிருந்து அறிவு பெயர்க்கப்படுகிறதோ அவர்.

ஓர் ஆலை குறைந்த கூலியையோ, வரிச்சலுகையையோ, மலிவான நிலத்தையோ நாடி வேறு மாநிலத்துக்குச் செல்ல முடிவெடுக்கிறது என்று கொள்வோம். பழைய ஆலையின் மூத்த தொழிலாளியிடம் இரண்டு செய்திகள் ஏறத்தாழ ஒரே நாளில் சொல்லப்படும். ஒன்று, அவருடைய வேலை முடிகிறது. மற்றொன்று, முடிவதற்குள் வரப்போகும் இளைஞர்களுக்கு அவர் வேலையைக் கற்றுத்தர வேண்டும். கடைசி நாள் வரை இருந்தால் ஊக்கத்தொகை உண்டு என்று சொல்வதும் வழக்கம். காலின்ஸின் முதல் வகை இங்கேதான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. அவர் எதையாவது மறைத்தால் அதை ஒழுங்கீனம் என்று எழுதிவிடலாம். ஆனால் அவரிடம் எஞ்சியிருக்கும் ஒரே உடைமை அதுதான்; அதைக் கொடுத்த மறுநாள் அவர் அந்த ஆலைக்குத் தேவையற்றவர். வியப்பு என்னவென்றால், பெரும்பாலானோர் மறைப்பதில்லை. அரைகுறையாக வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க நல்ல வேலைக்காரரால் முடியாது. நிறுவனத்தின் மீதுள்ள விசுவாசம் அற்றுப்போன பிறகும் வேலையின் மீதுள்ள விசுவாசம் அறுவதில்லை. உலகெங்கும் நடந்த ஆலைப் பெயர்ச்சிகள் பலவும் அந்த விசுவாசத்தின் தோளில் ஏறிச் சென்றவையே.

தொழிலாளியின் அறிவைத் திரட்டி நிர்வாகத்தின் சொத்தாக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் அறிவியல் மேலாண்மை பற்றி எழுதிய நூலில், தொழிலாளர்களிடம் வழிவழியாகச் சேர்ந்துள்ள அறிவைத் திரட்டி விதிகளாக வகுப்பது மேலாளரின் முதற்கடமை என்கிறார். 1974இல் ஹாரி பிரேவர்மன் அதே கடமையை மறுபுறத்திலிருந்து பார்த்தார்: திரட்டப்பட்ட பின் தொழிலாளியிடம் மிஞ்சுவது கட்டளையை நிறைவேற்றும் கை மட்டுமே என்பது அவருடைய வாதம். காலின்ஸ் தம் லேசர் ஆய்வை வெளியிட்டதும் அதே 1974ஆம் ஆண்டில்தான். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு முரண் புலப்படும். முழுவதையும் திரட்டிவிட முடியும் என்றால் தொழிலாளிக்கு இழப்பு; முழுவதையும் திரட்டவே முடியாது என்றால் அவரை வெளியேற்றும் நிறுவனத்துக்கு இழப்பு. ஆலைப் பெயர்ச்சியில் இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன.

அப்படியானால் இந்த அறிவு யாருடையது? இதற்குக் கணக்கியலும் சட்டமும் தரும் விடைகள் ஆராயத்தக்கவை. புலனாகாச் சொத்துகளுக்கான இந்தியக் கணக்கியல் நியமம் 38, திறமை வாய்ந்த பணியாளர் குழுவைப் பொதுவாக நிறுவனத்தின் சொத்தாகக் காட்ட முடியாது என்கிறது. அவர்களால் வரும் பயனின் மீது நிறுவனத்துக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை என்பதே காரணம். காப்புரிமை சொத்து; மென்பொருள் சொத்து; வாங்கிய தொழில்நுட்ப உரிமம் சொத்து; திறன் சொத்தன்று. கணக்கர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார், இது எங்களுடையதன்று என்று.

எனில் அது தொழிலாளியுடையதாக இருக்க வேண்டும். ஆனால் தொழிற்சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்புக்கு இழப்பீடாகப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியத்தை வகுத்தது. ஆண்டுகள் எண்ணப்பட்டன, அந்த ஆண்டுகளில் சேர்ந்தது எண்ணப்படவில்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒருபடி சென்று, ஆட்குறைப்புக்கு உள்ளானோருக்கு மறுதிறன் நிதி என ஒன்றை ஏற்படுத்தி, அதற்குப் பதினைந்து நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். வெளியேறுபவர் திறன் இல்லாதவராக, புதிதாகத் திறன் ஊட்டப்பட வேண்டியவராகக் கற்பனை செய்யப்படுகிறார். அவர் நேற்றுவரை ஆசிரியராக நின்று மற்றவர்களுக்குத் திறன் ஊட்டினார் என்பதற்கு அங்கே இடமில்லை. நிறுவனங்களுக்கு இடையே தொழில்நுட்பம் கைமாறினால் உரிமக் கட்டணம் உண்டு. மனிதரிடமிருந்து நிறுவனத்துக்குக் கைமாறினால் அதற்குப் பெயரே இல்லை.

மறுமுனையில் பெறுபவரின் நிலையும் எண்ணத்தக்கது. குறைந்த கூலியை நாடிப் பெயரும் ஆலை, புதிய இடத்தில் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியாளரையும் நியமிக்கிறது. ஓராண்டிலோ ஈராண்டிலோ அவர்கள் மாறிவிடுவர். இருபது ஆண்டுகளில் திரண்ட ஒன்றை, பதினெட்டு மாதம் மட்டுமே இருக்கப்போகும் ஒருவரிடம் மூன்று மாதத்தில் ஒப்படைக்கச் சொல்வது ஒழுகும் குடத்தில் நீர் மொள்வதைப் போன்றது. புதிய ஆலையின் தரக்குறைவுக்கு அந்த ஊர் இளைஞர்களின் 'வேலைப் பண்பாடு' காரணம் என்று பின்னர் எளிதாகச் சொல்லப்படும். அமெரிக்காவின் ஃபிரீமான்ட் ஆலை அந்தப் பேச்சுக்குத் தக்க மறுப்பு. ஒழுங்கற்ற தொழிலாளர்கள் என்று பழிக்கப்பட்டு ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை அது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தபோது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் அதே பழைய தொழிலாளர்களே. குழுத்தலைவர்கள் பலரை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பி அங்குள்ளவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்ய வைத்தனர். சிறிது காலத்திலேயே அந்த ஆலையின் தரம் பெயர் பெற்றது. மாறியது தொழிலாளியின் இயல்பன்று. கற்பித்த முறையும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும்.

இவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் தாமே எழுகின்றன. புதிய ஆலை நிலைபெறும்வரை பழைய ஆலையின் ஒரு வரிசையேனும் ஓட வேண்டும். கேள்வி எழுவது புதிய எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே, அப்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். கற்பிப்பவரைப் புதிய ஊருக்கும், கற்பவரைப் பழைய ஊருக்கும், இரு திசையிலும் அனுப்ப வேண்டும். பிழை எங்கே என்பதைப் புதிய ஊரின் தண்ணீரையும் ஈரக்காற்றையும் அனுபவித்தவரே கண்டுபிடிப்பார். கற்பித்தலைத் தனி வேலையாகக் கருதித் தனி ஊதியம் தர வேண்டும். அதை ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குள் கரைத்துவிடக் கூடாது. பெறுபவரின் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். கடைசியாக, காணொளிப் பதிவுகளையும் கையேடுகளையும் மதிக்கலாம், நம்பிவிடக் கூடாது. அவை அறிந்தவருக்கு நினைவூட்டும், அறியாதவருக்கு அறிவூட்டா.

இது தொழிற்சாலைகளின் சிக்கல் மட்டுமன்று என்பதைப் பல்கலைக்கழகத்தில் இருப்போர் உடனே உணர்வர். ஒரு முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போன மறுமாதம், அவர் ஐந்து ஆண்டுகள் ஓட்டிய கருவி அடம்பிடிக்கத் தொடங்குவதைக் காணாத ஆய்வகம் இந்நாட்டில் அரிது. ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. குறிப்பேடு அலமாரியில் இருக்கிறது. வெற்றிட பம்பின் எந்த வால்வை எவ்வளவு மெல்லத் திறக்க வேண்டும் என்பது அவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. கருவியை இயக்கிவரும் ஆய்வக உதவியாளர், அதிலும் ஒப்பந்தத்தில் இருப்பவர், ஒரு கட்டுரையின் நன்றியுரையில்கூடப் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தொழிலாளியின் அறிவுக்குக் கணக்கேட்டில் இடமில்லை என்று குறைசொல்லும் கல்வியுலகம் தன் கணக்கேட்டையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

சமூக அறிவியல் மாணவர்களுக்கு இங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. லக்னோவில் மிலானின் எந்திரங்களை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்திருக்கும். திருவொற்றியூரில் முதல் புல்லட்டைப் பூட்டியவர்கள் அதனினும் மூத்தவர்கள். வந்த வரைபடத்துக்கும் இங்கே கிடைத்த இரும்புக்கும் இடையில் அவர்கள் செய்துகொண்ட சமரசங்கள் எவை, எந்த அளவைத் திருத்தினார்கள், யாரிடம் கேட்டார்கள், கேட்க ஆளில்லாதபோது என்ன செய்தார்கள் என்பவற்றுக்கு நிறுவன ஆவணங்களில் விடை கிடைப்பது அரிது. கேட்டுப் பதிவு செய்தாலும் கை திரும்ப வராது. ஆனால் இன்ன இடத்தில் இன்ன அறிவு இருந்தது, அது இன்னாருடையது என்று எழுதி வைக்கலாம். உரிமை கோரும் எந்த வழக்குக்கும் முதலில் வேண்டுவது அந்த ஒரு சான்றுதான்.